மீனில்லாக் குட்டை

மார்ச் மாதம்.
வெளியே ஏரிகள் இன்னும் மூடிபோட்டுக் கிடக்கின்றன.
ஓர்வோக்கி வரைபடத்தை என் சமையலறை மேசையில் விரிக்கிறாள்.
ஒரு மூலையில் உப்புக் குப்பி, ஒன்றில் காப்பிக் கோப்பை,
இன்னொன்றில் அவள் கைப்பேசி.
நாலாவது மூலை சுருண்டுகொண்டே இருக்கிறது.
முழங்கையை ஊன்றி அழுத்துகிறேன்.

கைனூ பக்கம்,
ரஷ்ய எல்லைக்கு ஒரு சாண் இப்பால்
பேனாவை உதறிய இடம்போல
நீலம் நீலமாகத் தெறித்திருக்கிறது.
ஒன்றில்கூட நான் தூண்டில் போட்டதில்லை.

எனக்குத் தெரிந்த ஏரி ஒன்றே ஒன்று.
எந்தப் பாறைக்குப் பின்னால்
எத்தனை மணிக்கு எது வாய் திறக்கும் என்பதுவரை
அத்துப்படி.
ஆழம் தெரிந்துதான் காலை விட்டேன்,
இருபத்தோரு வருஷம்.
குடிசை ஹன்னுவுக்கு என்று வக்கீல் எழுதினார்.
ஏரியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
ஆனால் படகுத்துறை குடிசையோடு போனது,
படகு துறையோடு போனது,
படகில்லாமல் பாறைகளும் போயின.
எனக்குக் காரும் தூண்டில் பெட்டியும்.

"பெயரைப் பார்த்துப் போகலாம்" என்கிறாள் ஓர்வோக்கி.
பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள்,
அட்டவணை இல்லாமல் மூச்சும் விடமாட்டாள்.
ஹவுகிலம்பி: வாய் நிறையப் பல்லுள்ள ஹவுகி.
அஹ்வென்யார்வி: முதுகில் முள் விரிக்கும் அஹ்வென்.
பெயர் வைத்தவர்கள் பசித்தவர்கள்,
பசித்தவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

மே கடைசி வாரம், வியாழன், காலை நாலரை.
உருகிய காட்டுப்பாதைக்கு ஒரு மண்வெட்டி.
ஒட்டுப்போட்ட ரப்பர் படகு, அதைவிடப் பழைய பம்பு.
புழுக்கள் காப்பி டப்பாவில்,
டப்பா குளிர்பெட்டியில், தயிருக்குப் பின்னால்.
சதுப்புத் தண்ணீர் பால் விடாத தேநீர் மாதிரி இருக்கும்,
அதனால் வெள்ளிக் கரண்டிகள் வேண்டாம், செம்பு போதும்.
கொசுவுக்கு
எதை எடுத்தாலும் கொசுவுக்குத்தான் ஜெயம்.

அவள் விரல் ஒரு குட்டையைத் தாண்டிப் போகிறது.
பிடித்து நிறுத்துகிறேன்.
காலடோன்.
மீனில்லாதது.
"இங்கே போய் என்ன செய்ய?"

யார் சொன்னது இல்லையென்று?
ஒரு மனுஷன் அந்தக் கரையில் ஈரக் கையோடு நின்றிருப்பான்.
அளவுக்காரன் நோட்டோடு வந்து கேட்டிருப்பான்,
இதற்கு என்ன பெயர்?
அவன் கோணிப்பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தியபடி
வாயில் வந்ததைச் சொல்லியிருப்பான்.
மை அதை நம்பிவிட்டது.
நூறு வருஷமாக எல்லாரும் நம்பிக்கொண்டு
பக்கத்து ஏரிக்குப் போகிறார்கள்.

அனுமதிச் சீட்டுக்கு
நீர்ப் பங்காளிகள் சங்கத்தைக் கூப்பிடுகிறேன்.
செயலாளர் பெயர் தைஸ்தோ. பின்னால் சுவர்க்கடிகாரம் கேட்கிறது.
ஹவுகிலம்பிக்கு ஒன்று, அஹ்வென்யார்விக்கு ஒன்று.
"காலடோனுக்கும் சீட்டு வேண்டுமா?"
நான் கேட்டதற்குப் பதிலாகக் கடிகாரம் மட்டும்.
"பெயரிலேயே எழுதியிருக்கிறதே, அம்மா."
"படித்தேன். மீன் இருக்கிறதா?"
மறுபடி கடிகாரம்.
ஒரு நாற்காலி நகர்கிறது, ஒரு கதவு சாத்தப்படுகிறது.
"மெல்லிய தங்கூஸ் கொண்டுவராதீர்கள்"
என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஓர்வோக்கி ஒன்றும் பேசவில்லை.
வெள்ளிக்கிழமையை அடித்துவிட்டு
காலடோன் என்று எழுதுகிறாள், கொஞ்சம் பெரிய எழுத்தில்.
பிறகு மூக்கு காகிதத்தில் படும்படி குனிந்து
"மற்றதுக்கெல்லாம் ஆழக்கோடு போட்டிருக்கிறான்,
இதற்கு மட்டும் ஒன்றும் இல்லையே" என்கிறாள்.

முழங்கையை எடுக்கிறேன்.
மூலை சுருண்டு குட்டையை மூடிக்கொள்கிறது.

"ரப்பர் காலணி முழங்கால்வரையா, தொடைவரையா?"
பேனா காத்திருக்கிறது.

தொடைவரை,
என்கிறேன்.