கருவியில் பழுதில்லை

டக்டின் தகரத்தில் துளை போடும்போது
கட்டிடம் முழுக்கப் பல்வலி.
மூன்றாம் மாடியில் தேனிலவுக்கு வந்தவர்கள்
வரவேற்பறைக்குப் போன் செய்தார்கள்.
மைதீன் ஏணியைப் பிடித்தபடி சிரித்தான்.

வளைவிலிருந்து ஆறு மடங்கு அகலம் தள்ளி,
காற்று தன் குழப்பம் தீர்ந்து
நேராக நடக்கத் தொடங்கும் இடத்தில்
குறுக்கே ஒரு குழாய்.
அதன் துளைகள் காற்றின் முகத்தைப் பார்க்க வேண்டும்.
திருப்பி வைத்துவிட்டால்
முதுகு காட்டி உட்கார்ந்த காவல்காரன்தான்.

பெட்டிக்குள் ஒரு சிறு விளக்கு, ஒரு கண்.
விளக்கு கண்ணைப் பார்க்காமல் எரியும்.
காற்று சுத்தமாக இருக்கும்வரை
கண்ணுக்கு எல்லாம் இருட்டு.
அழுக்கு வந்து ஒளியைச் சிதறடித்தால்தான்
அதற்கு விடியும்.

பதினொரு கருவிகள்.
சோதனைப் புகை பீய்ச்சி, மணி அலறி, விசிறி நின்று,
கையெழுத்து வாங்கி வத்தலக்குண்டு இறங்கினேன்.
மூன்றாம் நாள் போன்.
விடிகாலை நாலு பத்துக்கு அடிக்கிறதாம், தினமும்.
மொத்த விடுதியும் கம்பளியோடு வாசலில் நிற்கிறதாம்.
"மேகம் சார். மேகம் உள்ள புகுந்துடுது.
உங்க மெஷினுக்கு மேகம் எது புகை எதுன்னு தெரியல"
என்றார் மேலாளர் உதயசங்கர்.
கொடைக்கானலில் எந்தக் குற்றத்தையும்
மேகத்தின் மேல் போடலாம்.
அது வந்து மறுத்துப் பேசாது.

அன்றிரவு விசிறி அறையில் உட்கார்ந்தேன்,
இரண்டு காலுறை, ஒரு குரங்குக் குல்லாய்.
இரண்டு மணிக்கு மேகம் வந்தது உண்மைதான்.
லூவர் தகடுகளில் ஈரம் துளிர்த்தது.
வடிகட்டித் துணி கனத்தது.
கருவியின் பச்சைப் புள்ளி
நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.
மூன்று மணிக்கும். மூன்றரைக்கும்.

நாலு ஐந்துக்கு என் மூக்கு முந்திக்கொண்டது.
தைலமரச் சுள்ளி.

பின்பக்கம் இறங்கிப் போனேன்.
வெளிக்காற்று வாங்கும் ஜன்னலுக்கு நேர் கீழே
பெயின்ட் டப்பாவில் தீ.
சலவை அறை பிலோமினாளும் இன்னும் இரண்டு பெண்களும்
நாற்பது படுக்கை விரிப்பு அலசிய கைகளை
அப்பளம் சுடுவதுபோலத்
திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.
மேலே மணி அலறியது.
"இன்னைக்கும் வந்துருச்சு பாரு, மேகம்"
என்ற பிலோமினாள்
என்னைப் பார்த்துவிட்டாள்.

"இங்க மூட்டினாத்தான் கண்ணு கரிக்காது.
புகை நேரா மேல போயிரும்."
எங்கே போகிறதென்று சொன்னேன்.
டப்பாவை எட்டடி கிழக்கே நகர்த்தினோம்.
அங்கே புகை முகத்தில் அடித்தது.
யாரும் உட்காரவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
வந்தது புகை. கருவியில் பழுதில்லை.
யாருடைய புகை என்று கேட்க
அதில் கட்டம் கிடையாது.

தேவைப் பட்டியல் தனித் தாள்:
ரப்பர் வளையம் ஆறு,
வடிகட்டித் துணி இரண்டு,
அறை ஹீட்டர் ஒன்று, சலவை அறைக்கு.
விருந்தாளிகளிடம் ஓர் இரவுக்கு
முந்நூறு வாங்குகிற அதே ஹீட்டர்.

மூன்றாவது வரியில் பேனா நின்றது.
"இது எதுக்கு?"
"அது இருந்தா நாலு பத்துக்கு அடிக்காது."
உதயசங்கர் என்னைப் பார்த்தார்.
முந்நூறை முப்பதால் பெருக்கும் உதடுகள்.
பிறகு, "பழசு ஒண்ணு ஸ்டோர்ல கிடக்கு,
ஒரு கம்பி எரியாது" என்றார்.
போதும் என்றேன்.
போதாது.

மதிய பஸ்ஸில் இறங்கும்போது
பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை மோந்தார்,
என் ஸ்வெட்டரைப் பார்த்தார்,
எழுந்து போய்
டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.