ஈ-6

நூற்று முப்பத்தொன்பதாவது வாத்தின்
வலச்சிறகில் நின்றுவிட்டது எந்திரம்.
பல்லிடுக்கில் கல் அகப்பட்டாற்போல் ஒரு சத்தம்.
பிறகு திரையில் ஓர் எழுத்து, ஓர் எண்:
ஈ-6.

வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
பிப்ரவரி மாதத்து சஸ்காட்செவனில்
ஓர் ஈகூட உயிரோடு இல்லை.
நீ மட்டும் ஆறு ஈக்களை
எங்கிருந்து பிடித்தாய்?

கையேட்டில் ஈ-5 வரை விளக்கம் இருக்கிறது.
ஈ-6க்கு ஒரே வரி: விற்பனையாளரை அணுகவும்.
விற்பனையாளர் யார்க்டனில் இருந்தார்.
அந்தக் கடையில் இப்போது
செல்போன் உறை விற்கிறார்கள்.

ஊசியை மாற்றினேன். நூலை மாற்றினேன்.
தகட்டைக் கழற்றிப் பஞ்சும் தூசியும்
உடைந்த ஊசிமுனை ஒன்றும்
பூனையின் மீசைமுடியும் எடுத்துப்போட்டேன்.
மறுபடி மிதித்ததும்
துணிக்கு அடியில் குருவிக்கூடு கட்டியது.
அவ்வளவு நூலில் ஒரு கைக்குழந்தைக்குக்
காலுறை பின்னிவிடலாம்.

டென்ஷனைச் சரிபார்க்கவும் என்கிறது கையேடு.
யாருடையதை என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை குலுக்கல்.
கர்லிங் அரங்கின் கூரைக்காக
ஐந்து டாலர் சீட்டு அறுநூறு விற்றாகிவிட்டது.
ஹால்யா ப்ரோகோப்சுக் தினமும் போன் செய்கிறாள்,
போர்வையைப் பற்றி ஒன்றும் கேட்காமல்
வானிலை விசாரிக்கிறாள்.

வாசில் கொட்டகையிலிருந்து வந்தான்
கிரீஸ் டப்பாவோடு.
அவனுடைய டிராக்டரும் ஓர் எண்ணைக் காட்டுகிறதாம், 523.
அதைத் திறக்கும் சாவி
கம்பெனிக்காரனின் மடிக்கணினியில்.
கம்பெனிக்காரன் வியாழக்கிழமை வருவான்.
எந்த வியாழன் என்பதுதான் தெரியாது.

கிரீஸை வெளியே வை என்றேன்.

எனக்கொரு எந்திரம் வேண்டும்,
கழுத்து அகலமாக.
ராஜா கட்டில் போர்வையைச் சுருட்டி
அந்தச் சந்தில் திணிப்பது
கன்று இழுக்கும் வேலைபோல
தோளைப் பிடுங்கக் கூடாது.
பாபினில் நூல் தீர்ந்ததை
தீருமுன் சொல்லட்டும்;
ஒரு முழம் வெறுங்காற்றைத் தைத்த பிறகு வேண்டாம்.
எண்ணூறு அலங்காரத் தையலாம்,
அதில் அன்னாசிப்பழம், அதில் டைனோசர்.
யார் கேட்டார்கள்?
நேராக ஒரு கோடு போடத் தெரிந்தால் போதும்.
அப்புறம், என் கைக்கு எட்டும் இடத்தில்
என் வீட்டுத் திருப்புளிக்கு மசியும்
ஒரு திருகாணி. ஒன்றே ஒன்று.

ரெஜைனா கடையில் விலை கேட்டேன்.
பதினோராயிரத்து நானூறு.
பாதி அரங்குக்குக் கூரை போடலாம்.

இரவு பத்து மணிக்கு
கோபத்தில் பக்கவாட்டுச் சக்கரத்தைக் கையால் தள்ளினேன்.
ஊசி இறங்கியது. ஏறியது.
அடியில் கூடு இல்லை, ஒரே ஒரு தையல்.
மோட்டாருக்குத்தான் ஈ-6,
சக்கரத்துக்கு அல்ல.

நான் துணியைப் பிடித்தேன், வாசில் சுற்றினான்.
முதலில் எதிர்ப்பக்கம் சுற்றி நூலை அறுத்தான்.
பஞ்சு, மேல்துணி, அடித்துணி
மூன்றையும் துளைக்கும்போது
ஒவ்வொரு தையலுக்கும் ஒரு சின்ன முனகல்,
சில எந்திரத்தினுடையவை.
நூற்று எழுபத்தோராவது வாத்தில் சண்டை போட்டோம்.
டிராக்டரைப் பற்றி என்று தொடங்கி
வங்கிக் கடனில் போய் நின்றது.
அவன் சுற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.

வேகத்தில் கண்ணில் படாத ஒன்று
இந்த நடையில் பட்டது:
எட்டாம் வரிசையில் ஒரு வாத்து தலைகீழ்.
எல்லாம் தெற்கே போக
இது மட்டும் வடக்கே, இந்தக் குளிருக்கே வருகிறது.
பிரிக்கவா என்றேன்.
மணியைப் பார் என்றான் வாசில்.
மூன்றரை.

வெள்ளி இரவு ஓரத்தையும் சுற்றியே முடித்தோம்.
அவனால் முட்கரண்டியைப் பிடிக்க முடியவில்லை.
பரிசு மெல்வில்லிலிருந்து வந்த பல் மருத்துவருக்கு.
தொட்டுப் பார்த்துவிட்டு
எந்த எந்திரம் என்று கேட்டார்.
வாசில் கையை உயர்த்தினான்.

ஞாயிறு காலை
சும்மா சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன்.
பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் ரீங்கரித்தது.
ஒன்றுமே நடக்காததுபோல்
திரையில் நல்வரவு என்றது,
ஓரத்தில் ஒரு பூவும் போட்டு.

கிரீஸ் டப்பா எங்கே என்று கேட்டேன்.