பற்பசை

ஏழு நாணயங்கள்,
சவர சோப்பு டப்பாவில், கிழிந்த பனியன் துணி சுற்றி.
ஹெர்பெர்ட்ஸ் எனக்கென்று விட்டுப்போனது அவ்வளவுதான்.
அம்மாவின் இரண்டாம் கணவர்.
என் அப்பா இல்லை என்பதை நாற்பது வருடம்
அவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தேன்.
ஒருநாளும் அவர் அதை மறந்ததில்லை.

கறுத்துக் கிடந்தன, சட்டியின் அடி மாதிரி.
பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பெண்,
கூந்தலோடு கலந்த கதிர்கள்,
விளிம்பைச் சுற்றி ஓடும் பொடி எழுத்தில் ஒரு பிரார்த்தனை.
விலை கேட்கப் போகிறவள்
அழுக்கோடா கொண்டுபோவாள்?
முந்தின இரவு பழைய பிரஷ் எடுத்து,
பள்ளிக்கு அனுப்பும் பிள்ளையின் காதைத் தேய்ப்பதுபோல்
பற்பசை போட்டுத் தேய்த்தேன்.
ஆறு முடிந்தன.
ஏழாவதுக்கு ட்யூபை வெட்டி வழித்தும் போதவில்லை.

காலையில் ரீகா முழுக்கக் கரைந்த பனிச்சேறு.
டிராம் ஓட்டுகிற எனக்குப்
பயணியாக உட்காருவது எப்போதும் கூச்சம்.
பதினோராம் எண்ணில் இருந்த பையன்
வளைவில் அவசரப்பட்டான்.
மடியில் டப்பா கலகலத்தது.

கடைக்காரன் ரைவிஸுக்கு என் மகன் வயது.
பச்சைத் துணி விரித்தான்.
கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகினான்.
முதல் நாணயத்தை எடுத்தவன்
ஏனோ அதை மூக்கருகே கொண்டுபோனான்.

"புதினா" என்றான்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அந்தக் கறுப்புக்குத்தான் மேடம் காசு.
தேய்த்ததெல்லாம் இனி வெறும் வெள்ளி.
எடைக்கு எடை, இருபத்திரண்டு யூரோ."
ஏழாவதைத் தொட்டபோது மட்டும் குரல் தணிந்தது.
"இது எண்பது."

எட்டிப் பார்த்தேன்.
ஓரத்தில் நீலம், நடுவில் தேன்பழுப்பு,
பெட்ரோல் சிந்திய மழைத்தண்ணீர் போல.
நேற்று இரவு எனக்கு அது
பாக்கியிருந்த வேலையாகத்தான் தெரிந்தது.

ஆறு தடவை ஐம்பத்தெட்டு என்று
மனதுக்குள் பெருக்க ஆரம்பித்தேன்.
"ஐந்து" என்று திருத்தினான்,
உதடு அசைந்திருக்க வேண்டும்.
ஆறாவதைக் குப்புறப் போட்டு
நகத்தால் ஒரு தழும்பைக் காட்டினான்.
"பற்றவைத்த தடம். ஊசி இருந்திருக்கிறது, ப்ரோச்.
இதை நீங்கள் கெடுக்கவில்லை,
யாரோ முன்னமே கெடுத்துவிட்டார்கள்.
பதினெட்டு தரலாம்."

இருநூற்றுத் தொண்ணூறு யூரோ.
இந்த ஊரில் அவ்வளவு விலைக்குப்
பல் துலக்கியவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்புறம்தான் அந்தத் தழும்பு உறைத்தது.

அம்மாவின் சாம்பல் கோட்.
கழுத்துப்பட்டையின் உள்பக்கம், வெளியே தெரியாமல்,
வட்டமாக ஏதோ ஒன்று.
கட்டிக்கொண்டால் கன்னத்தில் சில்லென்று படும்.
என்ன அது என்று கேட்டேன்.
பொத்தான் என்றாள்.
அந்தக் காசை வெளியே காட்டும் காலம் இல்லை அது,
எனவே பொய்யில் தப்பில்லை.

ஆனால் எனக்கு அப்போது ஏழு வயது.
அப்பா எங்களோடுதான் இருந்தார்,
அடுத்த அறையில் ரேடியோவைத் திருகிக்கொண்டு.
ஹெர்பெர்ட்ஸ் என்ற பெயரை நான் கேட்க
இன்னும் எட்டு வருடம் இருந்தது.

எல்லாக் காசும் ஒரே டப்பாவில்.
அம்மாவுடையதை அவர் பின்னால் சேர்த்து வைத்திருக்கலாம்.
அவருடையதை அவள் முன்னாலேயே அணிந்திருக்கலாம்.
கேட்க அவள் இல்லை, ஆறு வருடமாக.
ரைவிஸின் கண்ணாடியில்
தேதி தெரியும், தேய்மானம் தெரியும்.

ஐந்தை விற்றேன். எண்பதையும் விற்றேன்.
"இது?" என்றான்.
"பதினெட்டுக்கு இல்லை" என்றேன்.
இருபது என்றான், பாவம்.

திரும்பும் வழியில் ஐனார்ஸ் கூப்பிட்டான்,
ஹெர்பெர்ட்ஸின் முதல் தாரத்து மகன்.
"எவ்வளவு தேறியது?"
"நூற்றுத் தொண்ணூறு."
"பரவாயில்லையே."
"ஐனார்ஸ், உன் அப்பா
என் அம்மாவை எப்போது முதலில் பார்த்தார்?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம்.
இருமல்.
"டிராமிலா இருக்கிறாய்?" என்றான்.
"ஆமாம்" என்றேன்.
கையுறையைக் கழற்றி
கட்டைவிரலால் தழும்பைத் தடவினேன்.
பற்பசை அங்கே இன்னும் கொஞ்சம் காய்ந்திருந்தது.