நூறு ஹெர்ட்ஸ்

வெங்காய மூட்டைகள் சத்தத்தை நன்றாகக் குடிக்கும்.
யாரும் சொல்லித் தெரிந்ததில்லை.
பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில்
இளவழகனின் மச்சான் கடைக்குள் நுழைந்து
ஒருமுறை கை தட்டிப் பார்த்தேன்.
எதிரொலி வரவில்லை.
தும்மல்தான் வந்தது.

வியாழக்கிழமை, இரவு ஏழு முதல் ஒன்பதரை.
அதற்குமேல் லாரிகள் வந்துவிடும்.
ஹுய் ஷான் பிடில் பெட்டியைக்
கேமரன் மலைத் தக்காளிக் கூடைமேல் திறக்கிறாள்.
ருஸ்லான் கஹோன்மேல் உட்கார்ந்தபடியே
பொட்டலச் சோற்றை முடிக்கிறான்.
கயல்மதி முதல் அரைமணி பாட மாட்டாள்;
கைப்பேசியில் யாருக்கோ
பதில் தட்டுவாள், அழிப்பாள், தட்டுவாள்.

பகலில் நான் கட்டுமானத் தளங்களில்
டெசிபல் அளக்கிறவள்.
எழுபத்தைந்தைத் தாண்டினால் படிவம் நிரப்புவேன்.
இரவில் அதே காதை எடுத்துக்கொண்டு வருகிறேன்.
கூடவே உள்ளங்கை அளவு ஒலிப்பதிவுக் கருவி,
இரண்டு பேட்டரி,
காற்றிரைச்சல் புகாமலிருக்க
தம்பி தேசிய சேவையில் போட்ட பச்சைக் காலுறை,
துவைத்து, பாதி வெட்டியது.

எங்கே வைப்பது?
மூட்டைமேல் வைத்தால் கிட்டார் மட்டும்.
தரையில் வைத்தால் ருஸ்லானின் குதிகால்.
பிடிலுக்கு அருகே வைத்தபோது
வில் நரம்பைத் தொடுமுன் ஹுய் ஷான் இழுக்கும் மூச்சு
பாட்டைவிடப் பெரிதாக விழுந்தது.
கடைசியில் நடுவே தொங்கிய தராசுக் கொக்கியில் மாட்டினேன்.
முள் ஆடி நின்றது:
முந்நூறு கிராம்.

எல்லாம் சரி, அந்தக் குளிரறை.
பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
கம்ப்ரசர் கனைத்துக்கொண்டு எழும்.
சரணத்தின் நடுவில் எழும்.
கயல்மதி குரலைத் தாழ்த்தும் இடம் பார்த்து எழும்.
‘அஞ்சு நிமிசம் அணைச்சா என்னண்ணே?’
‘கீரை வாடினா உங்க பாட்டா காசு கட்டும்?’
மச்சான் கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

மூன்று வாரம் அதை வெட்டப் பார்த்தேன்.
கணினியில் அந்த ஒலியைக் கத்தரித்தால்
கூடவே கிட்டாரின் தடித்த கம்பி போயிற்று,
கயல்மதியின் அடிவயிறு போயிற்று.
மிச்சம்
தகரத்தில் சுண்டிய ஒரு பாட்டு.

நாலாவது வியாழன் ஹெட்ஃபோனைக் கழற்றிச் சொன்னேன்:
அது நூறு ஹெர்ட்ஸ்.
‘ஜி’க்கு ஒரு மயிரிழை மேலே.
அது இறங்காது. நாம ஏறலாம்.

ருஸ்லான் சிரித்தான்.
ஹுய் ஷான் அதற்குள் பிருடையைத் திருகத் தொடங்கியிருந்தாள்.
இளவழகன் முணுமுணுத்துக்கொண்டே
ஆறு கம்பியையும் ஏற்றினான், ஒன்று அறுந்தது,
புதிது மாட்டினான், திரும்ப முணுமுணுத்தான்.

எட்டு பத்துக்கு அது எழுந்தது.
யாரும் நிறுத்தவில்லை.
தம்பூரா என்று சொன்னால் கூடுதல்;
தம்பூரா கீரைக்காகக் கவலைப்படாது.
ஆனாலும் கயல்மதி அதன்மேல் காலூன்றி
இதுவரை போகாத ஒரு படி மேலே போனாள்,
அங்கே கொஞ்சம் தடுமாறினாள்,
இறங்கி வரவில்லை.

பிறகு, கடைசி வரிக்கு முன்,
சொல்லாமல் கொள்ளாமல் கம்ப்ரசர் நின்றது.
ருஸ்லானின் கை காற்றில் நின்றது.
நாலு பேரும் திகைத்த அந்த வெற்றிடத்தில்
மச்சான் முதல்முறையாகத் தலை தூக்கினார்.
‘ஏன் நிப்பாட்டிட்டீங்க?’

நாங்க நிப்பாட்டல.

ஒன்பதரைக்கு முதல் லாரி
பீப் பீப் என்று பின்னோக்கி வந்தது. அதுவும் பதிவில் இருக்கிறது.
கருவியைக் கழற்றுமுன் தராசைப் பார்த்தேன்.
உள்ளே இரண்டரை மணி நேரம்;
முள் முந்நூறை விட்டு நகரவில்லை.

பேருந்தின் மேல்தளத்தில் போட்டுக் கேட்கிறேன்.
இஞ்சினுக்கு வேறு சுருதி, ஒத்துப்போகவில்லை.
அந்த வெற்றிடம் வரும்போது மட்டும்
ஒலியைக் கூட்டுகிறேன்:
யாரோ மெல்ல ‘அடடா’ என்கிறார்கள்.
யாருடைய குரல் என்று பிடிபடவில்லை.
பக்கத்து இருக்கைக்காரர்
காலுறையின் வெங்காய வாசனைக்கு
கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறார்.