பென்சில் வரி

நாயின் பெயர் குரத்.
எங்கள் ஊர்ப் பேச்சில் சாத்தான் என்று பொருள்.
தேவாலயத்தைத் தாண்டும்போது மட்டும்
பெயர் சொல்லாமல் சீழ்க்கையடித்துக் கூப்பிடுவேன்.

என் நாய் அல்ல. மாடிவீட்டு எண்டெலுடையது.
அக்டோபர் மழையில் படியில் சறுக்கி
இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்
ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையில் சாவியைத் திணித்து,
"காலை ஆறரை. நாணல் ஓரம். மரப்பாலம் வரைக்கும்" என்றார்.
தயவுசெய்து என்ற சொல் அவர் வீட்டில் புழங்குவதில்லை.

நான் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவள்.
இருபத்திரண்டு வருடமாக
ஹாப்சலுவில் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.
பார்த்தது வரிசையைத்தான்.

முதல் வாரம் எனக்குத் தென்பட்டவை
சேறு, மற்றும் நாயின் பின்பக்கம்.
குரத் நின்ற இடத்திலெல்லாம் நின்றேன்,
கயிற்றின் மறுமுனைக்கு வேறு வழியில்லை.
ஒரு கல்லருகே மூன்று நிமிடம்.
ஒரு புல்நுனியில், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் படிப்பது போல,
இணைப்பு மலர் உட்பட.
அப்படி நின்ற ஒருநாள்தான் தெரிந்தது,
நாணலுக்குள்ளிருந்து என்னை யாரோ பார்ப்பது.
நரி. வாயில் எலி.
இருவருக்குமே கூச்சமாகிவிட்டது.

டிசம்பரில் அவரைக் கொண்டுவந்து
மாடியில் கிடத்தினார்கள்.
நாயைத் திருப்பி விடும்போதெல்லாம் கேட்பார்:
"என்ன இருந்தது?"
"ஒன்றுமில்லை."
"கடல்கூடவா இல்லை?"

அதன்பிறகு ஏதாவது கொண்டுபோகப் பழகினேன்.
முயல் வெளுத்துவிட்டது, காதுநுனி மட்டும் கறுப்பு.
வெண்வால் கழுகு ஒன்று
செத்த மீனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
பனிக்கட்டிமேல் உட்கார்ந்திருந்தது,
சாப்பாட்டு மணி அடிக்கக் காத்திருக்கும் குமாஸ்தா மாதிரி.
நீல நோட்டில் எழுதுவார்:
தேதி, காற்று, வந்தது.

ஜனவரியில் காலை என்பது பெயருக்குத்தான்.
நெற்றிவிளக்கின் வட்டத்துக்குள்
ஒரு வால், என் மூச்சுப் புகை.
உறைந்த வளைகுடா உள்ளுக்குள் விம்மியது,
மைல் நீளக் கம்பியை யாரோ சுண்டிவிட்டது போல.
குரத் தலையைச் சாய்த்துக் கேட்டது.
நானும் சாய்த்தேன்.
அந்நேரத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்.

வானம்பாடி வந்தபோது வயலில் இன்னும் பனி.
பாட்டுக்கு மட்டும் அவசரம்.

மார்ச் இருபத்தொன்பது.
இன்னொரு அறுவைச்சிகிச்சை வேண்டும் என்று
டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.
எண்டெல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.
என்ன இருந்தது என்று கேட்கவில்லை.
நானாகச் சொன்னேன்:
"பெருங்கொக்கு வந்துவிட்டது.
ஏழு. கத்திக்கொண்டே போயின."

பொய்.
அன்று வாடைக்காற்றில் காக்கையே பின்பக்கமாய்ப் பறந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்தார்.
நோட்டை எடுத்தார். காதில் செருகியிருந்த பேனாவை விட்டுவிட்டு
மேசை டிராயரில் துழாவிப் பென்சிலை எடுத்தார்.

ஒன்பது நாள் வானத்தைப் பார்த்தே நடந்தேன்.
இரண்டு முறை குழியில் விழுந்தேன்.
கடனுக்காரி நடக்கிற நடை அது,
குரத்துக்கே அலுத்துவிட்டது.

பத்தாம் நாள் மூடுபனி.
பாலத்துக்கு முன்னால் நாய் சட்டென நின்றது,
முகரவில்லை, மூத்திரத்துக்கும் அல்ல.
காதுகள் மட்டும் மேலே.
எனக்குக் கேட்க இன்னும் அரை நிமிடம் ஆனது:
துருப்பிடித்த வாயில்கதவைத் திறப்பது போல் ஒரு குரல்,
பிறகு இன்னொன்று,
பிறகு பனியைக் கிழித்துக்கொண்டு நீண்ட கழுத்துகள்.
நாலு. எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
நாலுதான்.

மாடிப்படி முழுவதும் ஓடினேன்.
"நாலு" என்றேன், மூச்சு வாங்க.
பேனாவால் எழுதினார்:
ஏப்ரல் ஏழு. தென்காற்று. பெருங்கொக்கு நாலு.

அதற்குச் சற்று மேலே பென்சில் வரி அப்படியே இருந்தது:
மார்ச் இருபத்தொன்பது. வாடை. ஏழு, வைக்கெ சொன்னாள்.

"அந்தக் காற்றில் அவை கிளம்பாது" என்றார்,
கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி.
அழிப்பான் டிராயரிலேயே இருந்தது. அவர் தேடவில்லை.

குரத் அதற்குள் கட்டிலில் ஏறி
வெள்ளை விரிப்பில்
வளைகுடாச் சேற்றை நாலு காலாலும் பதித்திருந்தது.
"சாத்தானே" என்றேன்.
திரும்பிப் பார்த்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைத்து.