கோசோங்

பாலம் தெரியும்வரை ஓடித் திரும்பினால்
ஜெலுத்தோங் மூலைக் கடையில்
என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.
எண்ணெய் காட்டாத தோசை.
மஞ்சள் நீக்கிய அவித்த முட்டை.
கோப்பி ஓ கோசோங்.
கொண்டுவருகிறவன் பெயர் சீனி முகம்மது,
அவன் பெயரில் மட்டும்தான் எனக்குச் சீனி.

நாலு வருஷமாக இதே.
தம்பி கல்யாணப் பந்தியிலும்
பையிலிருந்து டப்பாவை எடுத்தேன்.
அப்பா என்னைப் பார்க்காமல்
பாதியிலேயே இலையை மடித்தார்.

குளியலறைத் தராசுக்கு
என் முகம் தெரியாது, பாதம் தெரியும்.

நேற்று மழை. ஓடவில்லை.
ஆனாலும் அதே தட்டு வந்தது.
ஓடாத நாளுக்கு இது அதிகமோ?
கால் நின்றாலும் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.
பக்கத்து மேசைச் சீனக் கிழவர்
ரொட்டியைக் குழம்பில் ஊறவிட்டு
விரலை ஒவ்வொன்றாக நக்கினார்,
அவருக்கு எங்கும் போக வேண்டியதில்லை.

“ஒங்க மஞ்சக்கருவெல்லாம் எங்க போவுது தெரியுமாக்கா?”
“எங்க?”
சீனி தன் தொப்பையைத் தட்டிக் காட்டினான்.
“நாலு வருசம்!”

சிரித்துக்கொண்டே எழுந்தேன்.
தரை ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது.
மேசை விளிம்பைப் பிடித்தேன், ஈரம்.
அவன் பார்த்துவிட்டான்.
சில்லறையை எண்ணி வைத்தபடி
“நாளைக்கும் மழையாம்” என்றான்.