நாலு மில்லிமீற்றர்

பதினெட்டு இஞ்சி போடுங்கோ அக்கா, என்கிறான் கஜீபன்.
பதினெட்டென்றால்தான் கார் நிமிர்ந்து நிற்கும்.
பரந்தன் சந்தியில், கடை வாசலில்
சாய்த்து வைத்த ஜப்பான் ரிம்மைத்
துடைத்துத் துடைத்துக் காட்டுகிறான்.
அதன் ஆரங்களில் என் முகம் பத்தாக வெட்டுப்படுகிறது.

என் எஃப்.ரி.ஓ.வுக்கு வயது இருபத்தெட்டு.
இடது கதவு வேறொரு சிவப்பு.
வைகாசியில் ஸ்பிரிங் மாற்றி
முப்பத்தைந்து மில்லிமீற்றர் கீழே இறக்கினேன்.
ஆனி பிறக்குமுன் ஊர் பெயர் வைத்துவிட்டது:
உடும்பு.

கொப்பியை விரிக்கிறேன்.

காரோடு வந்த ரயர் 195, 60, பதினைந்து.
பக்கச்சுவர் நூற்றுப் பதினேழு.
கஜீபன் கேட்பது 215, 35, பதினெட்டு.
பக்கச்சுவர் எழுபத்தைந்து.
தர்மபுரத்து மதகுக்கும் என் முதுகெலும்புக்கும் நடுவே
எழுபத்தைந்து மில்லிமீற்றர் காற்று.

இரவில் தார்ச் சூட்டுக்கு மாடுகள் படுக்கிற வீதி இது.
மாசியில் பாதி வீதி நெல் காயும்;
நெல்லைச் சுற்றிக் கல் அடுக்கியிருப்பார்கள்.
கல்லுக்குத் தெரியுமா
இது அலோய் ரிம் என்று.

அளவுக்குப் பயந்தால் கார் ஓடேலாது அக்கா.

தம்பி,
அளவுக்குப் பயந்தபடியால்தான்
எனக்குப் பத்து விரலும் மிச்சம்.
சொல்லவில்லை. அவனுக்கு என் வேலை தெரியும்,
பில்லில் என் பெயருக்குப் பதிலாக
'கண்ணிவெடி அக்கா' என்றுதான் எழுதுவான்.

பதினொரு வருடம்
ஒரு மீற்றர் அகல ஒழுங்கையில் முழங்காலில் நகர்கிறேன்.
பதின்மூன்று சென்ரிமீற்றர் ஆழம் வரை தேடி
ஒன்றுமில்லை என்றால்
ஒன்றுமில்லை என்று கையெழுத்து.
அந்தக் கையெழுத்துகளில் வந்தது இந்தக் கார்.

ஆகவே பதினேழு.
அகலம் ஏழு, ஒஃப்செற் முப்பத்தெட்டு.
ரயர் 205, 45.
முழு விட்டம் ஒரு மில்லிமீற்றர்தான் கூட,
வேகமுள் பொய் சொல்லாது.
பழைய ரிம்மை விட வெளியே இருபத்தொன்று தள்ளும்,
உள்ளே ஐந்து.
ஐந்து பரவாயில்லை. இருபத்தொன்றுதான் பயம்.

இரவு ரொட்டிக்குக் குழைத்த மாவில்
நாலு உருண்டை எடுத்துக்கொண்டு போனேன்.
மட்காட் விளிம்பின் உட்புறம் ஒட்டி,
சில்லை ஜக்கால் உயர்த்தி,
ஸ்ரியரிங்கை இடம் முடிய, வலம் முடியத் திருப்பி,
பிறகு ஒவ்வொன்றாய் உரித்தெடுத்தேன்.
மாவில் ரயரின் வரிகள், அச்சுப் பலகாரம் போல.
முன்னால் இரண்டும் ஒன்பது.
பின் வலம் ஏழு.
பின் இடம் நாலு.

கஜீபன் சிரித்தான்: சம்பலும் கொண்டு வந்திருக்கலாம்.

நாலு போதும் என்று எழுதினேன்.
அடியில் கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை, சம்பள நாள்.
பின் இருக்கையில் தவராணியும் ரெஜினாவும்
தலை குனிந்து, முழங்கால் மடித்து,
முன்னால் கலைமகள், மடியில் இரண்டு கிலோ கணவாய்.
ஆட்களை நான் கொப்பியில் எழுதவில்லை.

விசுவமடுவுக்கு இன்னும் தூரம்.
யாருடையதோ கலியாணக் கதை நடுவில்
ஒரு பள்ளத்தில் கார் குந்தி எழும்ப,
பின்னால், இடப்பக்கம்,
ர்ர்க்.

நாலு பேரும் ஒரே நொடியில் வாயை மூடினோம்.
ஒருத்தியும் அசையவில்லை.
கணவாய்ப் பையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது கேட்டது.

பிறகு ரெஜினாதான் முதலில் சிரித்தாள்.

நிறுத்தினேன். இறங்கினோம்,
புல்லில் கால் வைக்காமல், தாரிலேயே நின்று.
பழக்கம்.
ரோச் வெளிச்சத்தில் மட்காட் விளிம்பு
பெயின்ற் போய், தேய்ந்து, மினுங்கியது.
தவராணி விரலால் தடவிப் பார்த்து,
உலக்கையைக் குடுத்து நெம்பினால் மடங்கும், என்றாள்.
நாளைக்கு.

நடந்து வாறன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.
நாலு பேரும் ஏறினோம்.
பள்ளத்துக்குப் பள்ளம் உரசிக்கொண்டே போனோம்,
விட்ட இடத்திலிருந்து கலியாணக் கதை.